அயலார் உரிமையும் நம் கடமையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இலக்கியமும் இன்னிசையும் முழங்குகின்ற இம்மேடையில் சட்டத்தைப் பற்றிப் பேசுமாறு காரியக் கமிட்டியார் என்னைப் பணித்திருக்கின்றனர். நான் வழக்கறிஞன் அல்லேன். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு காலங்கழிப்பவன். என் மேசைக்கு வரும் காகிதங்களில் பெரும்பகுதி குவார்ட்டர்ஸ் வாசிகளின் புகார்களே. மேல்வீட்டு நீர் கீழ்வீட்டுச் சுவரில் இறங்குகிறது, அடுத்த வீட்டுப் புகை அடுக்களைக்குள் வருகிறது, பக்கத்து வீட்டு வானொலி பிள்ளைகளைப் படிக்க விடவில்லை என்றிவ்வாறு அவை நீளும். இவற்றைப் பதிவு செய்து பதிவு செய்து, இவை பற்றிச் சட்டம் என்னதான் சொல்லுகிறது என்று அறியும் ஆவல் எனக்கு உண்டாயிற்று. நூலகத்திலும் வழக்கறிஞ நண்பர் ஒருவரின் அலமாரியிலும் தேடிப் படித்தவற்றை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

இப்பொருளுக்கு இன்று ஓர் அவசரமும் ஏற்பட்டிருக்கிறது. நம் சங்கக் கட்டடத்தின் பின்மதிலை அடுத்த வரிசையில் குடியிருக்கும் குடும்பங்கள், நம் ஆண்டுவிழா ஒத்திகையின் ஒலிபெருக்கியைப் பற்றிக் கடிதம் எழுதியிருக்கின்றன. அதற்கு என்ன விடை தருவது என்பதில் நம்முள் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. என் கருத்தைச் சொல்லுமுன் சட்டத்தின் நெறியைச் சொல்லிவிடுகிறேன்.

'நியூசென்ஸ்' என்னும் சொல்லை நாம் அன்றாடம் வழங்குகிறோம். விஷமம் செய்யும் பிள்ளையையும், வாசலை மறித்துப் படுக்கும் மாட்டையும் அச்சொல்லாலேயே ஏசுகிறோம். சட்டத்தில் அதற்கு வரையறுத்த பொருள் உண்டு. ஒருவர் தம் இடத்தில் இருந்தபடியே செய்யும் செயலின் விளைவு எல்லையைத் தாண்டிச் சென்று, அடுத்தவர் தம் இடத்தை அமைதியாக அனுபவிப்பதற்கு ஊறு செய்யுமாயின் அது தனியார் தொல்லை எனப்படும். பிறர் மனையில் கால் வைத்தால் அது அத்துமீறல். கால் வையாமலே புகையும் ஓசையும் நாற்றமும் நீரும் வேரும் கிளையும் எல்லை கடந்தால் அது தொல்லை. ஊரார் பலரையும் ஒருங்கே வருத்துவது பொதுத் தொல்லை, அது குற்றமாகும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 268-ஆம் பிரிவில் இருந்த அதன் இலக்கணம், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சங்ஹிதையில் 270-ஆம் பிரிவாக இருக்கிறது. நான் பேச வந்தது அதனைப் பற்றியன்று. வீட்டுக்கு வீடு நேரும் தொல்லையைப் பற்றியே.

தனியார் தொல்லைக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஆங்கில நாட்டு நீதிபதிகள் வழக்குக்கு வழக்கு வகுத்த நெறிகளை, நம் நாட்டு நிலைமைக்கு ஒத்த அளவில் நம் நீதிமன்றங்கள் ஏற்று வளர்த்திருக்கின்றன. அதனோடு 1882-ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டமும் துணை நிற்கிறது. அச்சட்டம் பிறந்தபோது சென்னை மாகாணம், மத்திய மாகாணம், குடகு ஆகிய மூன்று பகுதிகளுக்கே விதிக்கப்பட்டது. நம் முன்னோர் விட்டு வந்த நாடும், அந்நாளில் மத்திய மாகாணத்தின் தலைநகராயிருந்த இந்நாகபுரியும் தொடக்கம் முதலே இவ்விஷயத்தில் ஒரே சட்டத்துக்கு உட்பட்டவை என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ!

அச்சட்டத்தின் 7-ஆம் பிரிவு, நிலமும் வீடும் உடையவர்க்கு இயல்பாகவே உள்ள உரிமைகளை உதாரணங்களோடு கூறுகிறது. தம் நிலத்துக்கு வரும் காற்றைப் பிறர் நியாயமின்றி மாசுபடுத்தலாகாது என்பது ஒன்று. பிறர் எழுப்பும் ஓசையாலோ அதிர்வாலோ ஒரு வீட்டுக்காரரின் உடற்சுகம் கணிசமாகவும் நியாயமின்றியும் குலைக்கப்படலாகாது என்பது மற்றொன்று. 'கணிசமாகவும்', 'நியாயமின்றியும்' என்னும் இவ்விரு சொற்களை நினைவில் வையுங்கள். தொல்லையைப் பற்றிய சட்டம் முழுவதும் இவ்விரு சொற்களின் விரிவுரையே. சிறு சங்கடங்களை நாம் பொறுத்தே ஆகவேண்டும். ஏனெனில் நாமும் அத்தகைய சங்கடங்களைப் பிறர்க்குத் தந்துகொண்டுதான் வாழ்கிறோம். பொறுக்கத்தக்கது எது, பொறுக்கத்தகாதது எது என்பதற்கு நீதிமன்றங்கள் சில அளவுகோல்களை வகுத்துள்ளன.

முதல் அளவுகோல், சாதாரண மனிதன். 1889-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. கீழ்த்தளத்தில் தொழில் நடத்தியவர் தம் வேலைக்காக வெப்பம் உண்டாக்கினார். மேல்தளத்தில் குடியிருந்தவர் ஒருவகைப் பழுப்புக் காகிதத்தைச் சேமித்து வைத்திருந்தார். அச்சூட்டில் அக்காகிதம் உலர்ந்து கெட்டது. சாதாரணக் காகிதத்துக்கு அச்சூடு கேடு செய்யாது; மிக நுட்பமான பண்டத்தை வைத்துக்கொண்டு அயலாரின் தொழிலைத் தடுக்க முடியாது என்று நீதிமன்றம் கூறிற்று. ஆகவே தாளிக்கும் வாசனை ஆகாது, குழந்தை அழுதால் பொறாது என்று கோர்ட்டுக்குச் செல்பவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

இரண்டாவது அளவுகோல், இடத்தின் தன்மை. தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் குடியிருப்பவர், அமைதியான பகுதியின் அமைதியை எதிர்பார்க்க இயலாது. ஷண்டிங் ஓசையும் என்ஜின் ஊதலும் கேட்கிறதே என்று ரயில்வே காலனியில் ஒருவர் வழக்காடினால் யார் செவி சாய்ப்பார்? ஆயினும் இதற்கும் வரம்பு உண்டு. 1865-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, செம்பு உருக்கும் ஆலையின் புகையால் அயலார் தோட்டத்து மரங்கள் பட்டுப்போன வழக்கில், பொருளுக்கே சேதம் விளையுமாயின் இது தொழிற்பகுதி என்ற சமாதானம் செல்லாது என்று தீர்த்தது. நம் நாட்டு அலகாபாத் உயர்நீதிமன்றம், குடியிருப்பின் கீழே மாவு மில் வைத்ததைப் பற்றிய வழக்கொன்றில், சந்தடி மிகுந்த இடமாயினும் இருக்கும் சத்தத்தோடு கணிசமான புதுச்சத்தத்தைச் சேர்ப்பது தொல்லையே என்னும் கருத்தைக் கொண்டது. அத்தீர்ப்பு 1978-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் உள்ளது. 1982-ஆம் ஆண்டு அறிக்கையில் வெளிவந்த மற்றொரு வழக்கில், மருத்துவர் ஒருவரின் சிகிச்சைக்கூடத்தை அடுத்துச் செங்கல் அரைக்கும் இயந்திரம் நிறுவப்பட்டது. வருவோர் ஆடைகளில் செந்தூசு படியும் அளவுக்குப் பொடி பறந்தது. அவ்வியந்திரத்துக்கு அந்நீதிமன்றம் தடை விதித்தது.

மூன்றாவது கேள்வி, 'நான் தானே முதலில் வந்தவன்?' என்பது. இதற்கு 1879-இல் லண்டன் நகரத்து வழக்கொன்று விடை தருகிறது. தின்பண்டம் செய்யும் ஒருவர் பெரிய உரல்களை வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக இடித்துவந்தார். அடுத்த மனையில் இருந்த மருத்துவர் பின்னாளில் தம் தோட்டத்துக் கோடியில், அவ்வுரல்கள் இருந்த சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார். உரலோசை அதன்பிறகே அவர்க்குத் தொல்லையாயிற்று. இருபது ஆண்டுப் பழக்கம் உரிமை தந்துவிட்டது என்று தின்பண்டக்காரர் வாதாடினார். தொல்லையே இல்லாதிருந்த காலம் கணக்கில் சேராது என்று நீதிமன்றம் மறுத்து, இடிப்பதற்குத் தடை விதித்தது. நம் இல்லத்து ஆட்டுக்கல்லுக்கும் கிரைண்டருக்கும் இவ்வழக்கில் பாடம் உண்டு. 'பத்து வருஷமாய் விடியற்காலையில் இட்லிக்கு அரைக்கிறோம். இப்போது வந்தவர் என்ன சொல்வது?' என்னும் வாதத்தைச் சட்டம் எளிதில் ஒப்புவதில்லை.

நான்காவது அளவுகோல், மனத்தின் நோக்கம். 1893-இல் லண்டனை அடுத்த ஒரு பகுதியில் ஒரே நடுச்சுவரைக் கொண்ட இரு வீடுகள் இருந்தன. ஒரு வீட்டில் இசை கற்பித்தனர். அடுத்த வீட்டுக்காரர்க்கு அது பிடிக்கவில்லை. அவர் முறையிட்டதோடு நில்லாது, இசை எழும்போதெல்லாம் சுவரைத் தட்டுவதும், தாம்பாளத்தை அடிப்பதும், சீழ்க்கை ஒலிப்பதுமாகப் பழி தீர்த்தார். நீதிபதி தடை விதித்தது இசைக்கன்று, தாம்பாளத்துக்கே! இசை வீட்டின் இயல்பான பயன். வருத்த வேண்டுமென்றே எழுப்பும் ஓசை அத்தகையதன்று. 'அவர்கள் பண்டிகைக்கு அவர்கள் சத்தம் போடவில்லையா? நாம் இன்னும் உரக்க வைப்போம்' என்று நம்முள் சிலர் கூறக் கேட்டேன். அன்பர்களே, அப்படிச் செய்தால் தாம்பாளம் அடித்தவரின் நிலையே நமக்கு வரும்.

ஐந்தாவது, 'இது நான் செய்ததன்று' என்னும் சமாதானம். ஒரு மடத்தார் நிலத்திலிருந்த கால்வாயில் உள்ளாட்சி அதிகாரிகள் அவர்கள் அனுமதியின்றிக் குழாய் பதித்தனர். இலை தழை அடைக்காதபடி தடுக்கும் கம்பி வலை உரிய இடத்தில் வைக்கப்படவில்லை. சில ஆண்டுகளுக்குப்பின் பெருமழையில் குழாய் அடைத்து, அயலார் தோட்டத்துள் வெள்ளம் புகுந்தது. குழாயை மடத்தார் பதிக்கவில்லையாயினும், அதை அறிந்தும் சீர்செய்யாது பயன்படுத்தி வந்தமையால் அவர்களே பொறுப்பாளிகள் என்று 1940-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. முன்பிருந்தவர் வைத்த குழாய், முன்பிருந்தவர் நட்ட மரம் என்று நாம் கைகழுவ முடியாது. அறிந்தபின் வாளாவிருப்பதும் ஒரு செயலே.

இனி நம் காலனிக்கு வருவோம். மே மாதத்தில் இவ்வூரின் வெயில் 45 டிகிரியைத் தாண்டுவதை நாம் அறிவோம். வெட்டிவேர்த் தட்டி பொருத்திய கூலர் இன்றி இங்கே உயிர் வாழ்வது அரிது. கூலர் சுழலும் ஓசை இவ்வூரில் சாதாரண மனிதன் பொறுக்க வேண்டிய ஓசையே. ஆனால் அதன் நீர் இரவும் பகலும் கீழ்வீட்டுச் சுவரில் வடிந்து, சுண்ணாம்பு உதிர்ந்து, சுவர் ஊறிப்போமாயின் அது பொருட்சேதம். அதைப் பொறுக்க வேண்டியதில்லை. ஒரு முழக் குழாயில் தீரும் வழக்கு அது.

மரக்கிளை நம் எல்லைக்குள் நீண்டால், அயலார் மனையில் கால் வையாமல் நம் பக்கத்துப் பகுதியை மட்டும் வெட்டிவிடலாம் என்பது இங்கிலாந்தில் முடிந்த நெறி. வெட்டிய கிளையும் அதன் கனியும் மரத்துக்குடையவர்க்கே உரியவை என்பதையும் மறவாதீர்கள். அயல்வீட்டு மாங்காய் நம் ஊறுகாய் ஆகாது! இங்கே கோடரியை எடுக்குமுன் இன்னொன்றும் கருதவேண்டும். மகாராஷ்டிரத்து நகர்ப்பகுதிகளுக்கென 1975-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காலனி மரங்களோ ரயில்வேயின் சொத்து. ஆகவே அனுமதி பெற்றே கை வைக்கவேண்டும்.

ஓய்வு பெற்றபின் இவ்வூரிலேயே மனை வாங்கி வீடு கட்டியுள்ள பெரியோர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றனர். அவர்கட்கு ஒரு சொல். ஒரு சன்னல் வழியாக வெளிச்சத்தையும் காற்றையும் இருபது ஆண்டுகள் தடையின்றி உரிமையாக அனுபவித்து வந்தால், அது ஈஸ்மெண்ட் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி நிலைத்த உரிமையாகிவிடும். எதிரிலுள்ள நிலம் அரசாங்கத்தினுடையதாயின் முப்பது ஆண்டுகள் வேண்டும். அவ்வாறு நிலைத்தபின், வெளிச்சத்தைக் கணிசமாகக் குறைக்கும்படி சுவர் எழுப்பினால் வழக்குத் தொடுக்கலாம்.

நீதிமன்றம் தரும் பரிகாரங்கள் இரண்டு. நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடு. மேலும் நேராதிருக்கத் தடையுத்தரவு. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைப் பரிகாரச் சட்டம், தடையுத்தரவு எப்போது கிடையாது என்பதை 41-ஆம் பிரிவில் சொல்லுகிறது. ஒரு செயல் தொல்லையாகும் என்பது ஓரளவு தெளிவாகத் தெரியாதபோது வெறும் அச்சத்தின்பேரில் தடை கிடையாது. தொடர்ந்து நடக்கும் மீறலுக்கு ஒருவர் தாமே இணங்கி இருந்துவிட்டு, பிறகு வந்து கேட்டாலும் கிடையாது. 'ஏன் வம்பு?' என்று மனத்துள் புழுங்கிக்கொண்டு மௌனமாயிருப்பது அயலாரோடு நட்பாயிருப்பதாகாது; சட்டத்தின் முன்னும் அது நமக்கு எதிராக நிற்கலாம்.

ஆகவே உள்ளதை உரிய காலத்தில் சொல்லவேண்டும். முதலில் நேரில், கோபமின்றிச் சொல்லுக. பயனில்லையேல் தேதியிட்ட கடிதம் எழுதுக, நகல் வைத்துக்கொள்க. என்று, எத்தனை மணிக்கு, என்ன நேர்ந்தது என்பதை ஒரு குறிப்புப் புத்தகத்தில் பதிவு செய்க. குவார்ட்டர்ஸ் ஆயின் பராமரிப்பு அலுவலகத்துக்கு எழுதுக. அதற்கும் தீராவிடில், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி நடக்கும் லோக் அதாலத் இருக்கிறது. வழக்குப் போடுமுன்பே அங்குச் செல்லலாம். இருதரப்பும் இசைந்து ஏற்படும் முடிவு சிவில் கோர்ட்டின் டிக்ரிக்குச் சமமானது. அதன்மேல் அப்பீல் இல்லை. வழக்கு என்பது ஒருவர் வென்று ஒருவர் தோற்பது. வென்றவரும் தோற்றவரும் மறுநாள் காலையில் ஒரே குழாயடியில் நிற்கவேண்டும் என்பதை நினைத்தால் இவ்வழியின் அருமை விளங்கும்.

இனிச் சங்கத்துக்கு வந்த கடிதத்தைப் பார்ப்போம். 'இது தமிழர்மீது கொண்ட காழ்ப்பு' என்று ஒரு சாரார் கூறுகின்றனர். நான் அக்கடிதத்தை இருமுறை படித்தேன். அதில் நம் மொழியைப் பற்றியோ நம் கடவுளரைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. 'எங்கள் வீட்டு ஆண்கள் இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுக் காலையில் வந்து படுக்கிறார்கள். நடுப்பகலில் ஒலிபெருக்கி வைத்தால் உறங்குவது எவ்வாறு?' என்பதே அதன் சாரம். கையொப்பமிட்டவர்களில் பெரும்பாலோர் லோகோ பைலட்டுகளின் குடும்பத்தார்.

சட்டத்தின் எழுத்தைப் பார்ப்போம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியின்றி ஒலிபெருக்கி வைத்தலாகாது. குடியிருப்புப் பகுதியில் ஒலியின் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்காலங்களில் ஆண்டுக்குப் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அவ்வாண்டிலேயே, சென்னை நகரத்துக் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றுக்கும் ஒரு வழிபாட்டுச் சபைக்கும் நடந்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒலிபெருக்கி வைத்தும் முரசு அறைந்தும் பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்பது அதன் கருத்து.

'நாம் வைப்பது பகலில்தானே? பகலில் உறங்குபவர்க்காகச் சட்டம் வளையுமா? பழுப்புக் காகித வழக்கை நீரே சொன்னீரே' என்று நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். கூர்மையான கேள்விதான். என் சிற்றறிவுக்கு எட்டிய விடை இது. சட்டம் சாதாரண மனிதனை அளவாகக் கொள்ளுகிறது. அதோடு இடத்தின் தன்மையையும் பார்க்கிறது. வேறொரு தெருவில் பகலில் உறங்குபவர் விதிவிலக்காக இருக்கலாம். ரயில்வே காலனியில் அவர் விதிவிலக்கல்லர். அவரே இவ்விடத்துச் சாதாரண மனிதர். இக்காலனி எழுந்ததே அவரைப் போன்றவர்க்காக. அவர் கண் அயர்ந்தால்தான் அன்றிரவு சிக்னலைக் கண்டு வண்டியை நிறுத்த முடியும். அவ்வண்டியில் நம் பிள்ளைகளும் சென்னைக்குப் பயணம் செய்யக்கூடும்.

ஆகவே நான்கு யோசனைகளைச் சங்கத்தின் முன் பணிவுடன் வைக்கிறேன். ஒத்திகைகள் ஒலிபெருக்கியின்றி, சன்னல் கதவுகளைச் சாத்தியே நடைபெறுக. விழா நாளில் ஒலிபெருக்கிகளைப் பின்மதிலை நோக்கி வையாமல் அரங்கத்தை நோக்கி வைப்போமாக. கடைசி நிகழ்ச்சி எதுவாயினும் இரவு பத்து மணிக்கு முன் மங்களம் பாடி முடிப்போமாக. கடிதத்துக்குத் தபாலில் விடை அனுப்பாமல், தலைவர் அவர்களும் மூத்த உறுப்பினர் இருவரும் அக்குடும்பங்களை நேரில் கண்டு, இவற்றைச் சொல்லி, ஆண்டுவிழாவுக்கு அவர்களை முன்வரிசைக்கு அழைத்து வருவார்களாக.

மராத்தி மொழியில் அயலாரை 'ஷேஜாரி' என்பர். அயலார்க்கு அயலார் ஆற்றவேண்டிய கடமையை 'ஷேஜார்தர்ம' என்னும் ஒரே சொல்லால் குறிப்பர். சட்டம் நூற்றுக்கணக்கான தீர்ப்புகளில் தேடியதை அச்சொல் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. பிறந்த ஊரில் நமக்கு மாமனும் மைத்துனனும் பங்காளியும் உண்டு. இங்கே நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் ரயில்வே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லக் கைகொடுப்பவர் மதிலுக்கு அப்பால் இருப்பவரே. சட்டம் அவரை நாம் வருத்தாதிருக்கக் கேட்கிறது. அதற்கு மேலும் ஓரடி எடுத்து வைப்பது நம் பண்பாட்டின் கடன்.